பழைய டிராக்டர் வாங்கலாமா, வைத்துக்கொள்ளலாமா? உழவர்கள் கேட்பதும் சொல்வதும்

எங்கள் வீட்டில் ஒரு மாஸி பெர்குசன் 1035 நிற்கிறது. 1986-ல் அப்பா வாங்கியது. தாராபுரம் பக்கம் அமராவதி வாய்க்கால் பாயும் கொஞ்சம் நெல் வயல், அதற்கு மேலே மானாவாரிக் காடு, இரண்டையும் இன்றுவரை அந்த வண்டிதான் உழுகிறது. அதை ரோட்டில் ஓட்டிப் போனால் யாராவது ஒருவர் கை காட்டி நிறுத்திக் கேள்வி கேட்பார். வாங்கலாமா, பார்ட்ஸ் கிடைக்குமா, டீசல் எப்படி, விற்றுவிட்டுப் புதுசு எடுக்கலாமா என்று. திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும், பழைய வண்டி வைத்திருக்கும் மற்றவர்கள் சொன்னதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. அதையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

எந்த வண்டியையெல்லாம் பழைய டிராக்டர் என்கிறீர்கள்?

1960-களிலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை வந்தவை. ஐச்சர் 1959-ல் ஃபரிதாபாத்தில் தொடங்கியது. அடுத்த வருடமே சென்னையில் டாஃபே தொடங்கி, மாஸி பெர்குசனை இங்கே செய்ய ஆரம்பித்தார்கள். மஹிந்திரா குழுமம் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியோடு சேர்ந்து பி-275 கொண்டுவந்தது. 1971-ல் பிஞ்சோர் ஆலையிலிருந்து எச்எம்டி ஜீட்டர் 2511 வந்தது. 1974-ல் சுவராஜ் 724 வந்தது. அது துர்காபூர் அரசு ஆய்வுக்கூடத்தில் நம் நாட்டுப் பொறியாளர்களே வடிவமைத்த வண்டி. எஸ்கார்ட்ஸ் வழியாக ஃபோர்டு 3000, பிறகு 3600. நம் ஊர்க் களத்திலும் புளியமரத்தடியிலும் இன்றும் நிற்பவை பெரும்பாலும் இவைதான்.

இவ்வளவு வருடம் ஆன வண்டியை ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள்?

பாசம் ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து யாரும் டீசல் ஊற்ற மாட்டார்கள்.

மூன்று பேரிடம் கேட்டேன். ஃபோர்டு வைத்திருக்கும் எங்கள் மாமா, "நின்ற இடத்திலேயே கழற்றி, நின்ற இடத்திலேயே மாட்டலாம் மாப்பிள்ளை" என்றார். கூலிக்கு உழவு ஓட்டும் தம்பி ஒருவர், கடன் தவணை இல்லாத வண்டி என்பதே தனக்குப் பெரிய லாபம் என்றார். மழை இல்லாத வருடம் வண்டி சும்மா நின்றாலும் அவருக்குத் தூக்கம் கெடாது. மூன்றாமவர் எழுபது தாண்டிய பெரியவர். வண்டியின் பின்பக்க வார்ப்பைக் கையால் தட்டிக் காட்டி, "இந்த இரும்பு இப்ப எங்கீங்க வருது?" என்றார்.

பெரியவர் சொன்னதைப் பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். கனமான இரும்பு என்பதாலேயே வண்டி உழைத்துவிடாது. மாமா சொன்னதுதான் உண்மையான பலம். அந்தக் கால வண்டியில் எந்தப் பாகம் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். புரிந்த பாகத்தைச் சரிசெய்ய எட்டூர் தள்ளிப் போக வேண்டியதில்லை.

புது டிராக்டர் எல்லாம் கம்ப்யூட்டர், அதனால் பழையதே மேல் என்கிறார்களே?

இது பாதித் தகவல். 2023 ஜனவரியில் வந்த புதிய புகை விதிமுறை 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான். அந்த வண்டிகளில்தான் மின்னணு டீசல் பம்ப்பும் சென்சாரும் வந்தன. நம்மில் பெரும்பாலோர் வாங்கும் 35, 40, 45 குதிரைத்திறன் வண்டிகளில் பழையபடி மெக்கானிக்கல் பம்ப்தான் வந்துகொண்டிருந்தது. ஆகவே கம்ப்யூட்டருக்குப் பயந்து பழைய வண்டி தேட வேண்டாம். வேறு காரணம் இருந்தால் தேடுங்கள்.

எந்த வண்டிக்கு என்ன பேர்?

மாஸி 1035: மூன்று சிலிண்டர், பெர்கின்ஸ் வழி வந்த இன்ஜின். இலகுவான வண்டி, சின்ன வயலிலும் திரும்பும். டாஃபே அதே பெயரில் தொடர்ந்து வண்டி செய்ததால் எந்தச் சிறு நகரத்திலும் பார்ட்ஸ் கிடைக்கும். குறை என்று கேட்டால் முன்பக்கம் லேசு என்பார்கள். கனமான கருவியை மாட்டிக்கொண்டு மேடேறினால் முன்சக்கரம் தரையை விட்டு எழப் பார்க்கும்.

ஃபோர்டு 3600-க்கு இழுவைக்குப் பேர். கரும்பு லோடுக்கும் சட்டிக் கலப்பைக்கும் அதைத்தான் தேடுவார்கள். டீசல் கொஞ்சம் கூடக் கேட்கும் என்பதை வைத்திருப்பவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஃபோர்டு தன் டிராக்டர் தொழிலை 1990-களின் தொடக்கத்தில் ஃபியட்டிடம் விட்டுவிட்டது. அது பின்னால் நியூ ஹாலந்து ஆனதால் பல பாகங்கள் அந்தப் பெயரில் கிடைக்கின்றன.

ஐச்சர் 242-ல் ஒற்றைச் சிலிண்டர், காற்றில் குளிரும் இன்ஜின். ரேடியேட்டரே கிடையாது, தண்ணீர் கொதிக்கும் கவலையும் இல்லை. தூரத்தில் வரும்போதே தும் தும் என்று காது கண்டுபிடித்துவிடும். சிக்கனமான வண்டி, ஆனால் நாள் முழுக்க ஓட்டினால் அதிர்வில் கை மரத்துப்போகும். சிலிண்டர் இறக்கைகளுக்கு நடுவில் உமியும் தூசியும் அடைத்தால் சூடேறும். அதை ஊதிச் சுத்தம் செய்யாமல் விட்டவர்கள்தான் ஐச்சரைத் திட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பழைய மஹிந்திரா பி-275-க்கு நான்கு சிலிண்டர். மார்கழிக் காலையில் ஹீட்டர் பிளக்கைச் சூடாக்கித்தான் கிளப்ப வேண்டும். கிளம்பிவிட்டால் சீராக ஓடும்.

சுவராஜ் முரட்டு வண்டி. ஓட்டுபவருக்கு வசதி குறைவு, வேலைக்குக் குறைவில்லை. அந்தக் கம்பெனியை 2007-ல் மஹிந்திரா வாங்கியது, பார்ட்ஸ் கவலை இல்லை.

ஜீட்டர் 2511 நல்ல இன்ஜின்தான். ஆனால் பிஞ்சோர் ஆலையை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. இனி அதற்குப் பாகம் தேடுவது பொறுமை உள்ளவர் வேலை. ஒரே வண்டியை நம்பி வெள்ளாமை செய்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பழைய வண்டியில் மிகப் பெரிய குறை எது?

பிரேக். இன்ஜின் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இன்ஜின் போனால் வண்டி நிற்கும், பிரேக் போனால் நிற்காது.

எங்கள் வண்டியில் இருப்பது எண்ணெயில் மூழ்காத, உலர்ந்த டிரம் பிரேக். பின் ஆக்சிலின் ஆயில் சீல் தேய்ந்தால் கியர் ஆயில் கசிந்து பிரேக் ஷூவில் இறங்கும். எண்ணெய் குடித்த ஷூ பிடிக்காது. ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் இறங்கினால் மிதித்தவுடன் வண்டி மறுபக்கம் இழுக்கும். பின் சக்கரத்தின் உள்பக்கம், டிரம்முக்குக் கீழே பார்த்தால் கறுப்பாக, மண் ஒட்டிய ஈரக் கறை தெரியும். அது தெரிந்தால் ஷூவை மட்டும் மாற்றிப் பயனில்லை. சீலையும், சில நேரம் பேரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். இப்போது வரும் பல வண்டிகளில் எண்ணெய்க்குள்ளேயே இயங்கும் பிரேக். சேறு புகாது, தேய்மானம் மெதுவாகத்தான். இந்த ஒரு விஷயத்தில் புது வண்டி தெளிவாக மேல்.

இன்னொன்று. இடது வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பெடல் இருக்கும். வயலில் மடக்கித் திருப்ப அது வசதி. ரோட்டுக்கு ஏறும் முன் இரண்டையும் சேர்க்கும் கொக்கியை மாட்டியே ஆக வேண்டும். வேகத்தில் ஒற்றைப் பெடலை மிதித்தால் வண்டி சுழன்று கவிழும். பழைய வண்டிகள் பலவற்றில் அந்தக் கொக்கி உடைந்து காணாமல் போயிருக்கும். வெல்டிங் பட்டறையில் சின்ன வேலைதான். தயவுசெய்து செய்துவிடுங்கள்.

ரொட்டவேட்டர் மாட்டலாமா?

ரொட்டவேட்டர் என்பது கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறும் கருவி. அதை மாட்டலாமா என்று கேட்பதற்கு முன், கிளட்ச் ஒற்றையா இரட்டையா என்று பாருங்கள்.

ஒற்றைக் கிளட்ச் வண்டியில் பெடலை மிதித்தால் சக்கரம், பின்னால் சுற்றிக் கருவியை ஓட்டும் பிடிஓ தண்டு, கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் மூன்றுக்கும் இன்ஜின் விசை ஒன்றாக நிற்கும். வரப்போரம் வந்து கியர் மாற்ற மிதிக்கிறோம், ரொட்டவேட்டருக்கு விசை நிற்கிறது, தூக்கவும் முடியவில்லை. அதைவிட மோசம், சுற்றிக்கொண்டிருக்கும் ரொட்டவேட்டரின் வேகம் பிடிஓ வழியாகத் திரும்பி வந்து வண்டியையே முன்னால் தள்ளும். கிளட்சை மிதித்தும் வண்டி போகிறதே என்று பதறுவது இதனால்தான். வரப்பைத் தாண்டி வாய்க்காலுக்குள் முன்சக்கரத்தை இறக்கியவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். இரட்டைக் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், பிடிஓவும் ஹைட்ராலிக்கும் ஓடும். முழுக்க மிதித்தால்தான் எல்லாம் நிற்கும்.

இரட்டைக் கிளட்சாகவே இருந்தாலும் 35 குதிரைத்திறன் வண்டிக்குச் சின்ன ரொட்டவேட்டர்தான் மாட்ட வேண்டும். பக்கத்து ஊர்க்காரர் மாட்டுகிறார் என்று அகலமானதை மாட்டினால் கிளட்ச் பிளேட்டும் கியர்பாக்ஸ் பேரிங்கும் சீக்கிரம் கூலி கேட்கும். எங்கள் வண்டியில் நான் ரொட்டவேட்டர் மாட்டுவதில்லை. ஒன்பது கொத்துக் கலப்பை போதும் என்று விட்டுவிட்டு, தேவைப்படும்போது வாடகைக்கு அழைக்கிறேன்.

சேற்று உழவுக்குப் பழைய வண்டி தாங்குமா?

தாங்கும், ஆனால் அதற்குப் பின் செய்யும் வேலை அதிகம். கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரம் மாட்டி நாள் முழுக்கச் சேற்றில் ஓடினால் முன்சக்கர ஹப், பின் ஆக்சில் சீல், பிரேக் டிரம் மூன்றிலும் சேறு புகப் பார்க்கும். நடவுப் பருவம் முடிந்ததும் நான் முதலில் பார்ப்பது கியர் ஆயில். அளவுகோலை உருவினால் எண்ணெய் கறுப்பாகவோ தேன் நிறத்திலோ இருக்க வேண்டும். மோர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. மாஸியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். அந்த மோரைக் குடித்துக்கொண்டு ஹைட்ராலிக் பம்ப் ஓடினால் பம்ப்பும் போகும். ஆயில் விலையைப் பார்த்துத் தள்ளிப்போட்ட ஒரு வருடம் எனக்குப் பம்ப் செலவு வந்தது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டெல்டாப் பக்கம் சேற்று உழவே பிழைப்பாக ஓட்டும் ஒரு அண்ணன், பழைய இரண்டு சக்கர இழுவை வண்டியை அதற்கு இனி வாங்காதே, நான்கு சக்கர இழுவை எடு என்றார். ஆழமான சேறு உள்ள இடத்துக்கு அவர் சொல்வது சரி.

ஹைட்ராலிக் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விற்பவர் கருவி எதுவும் மாட்டாமல், வண்டியின் பின்னால் உள்ள தூக்கும் கைகளை மட்டும் உயர்த்திக் காட்டுவார். அது போதாது. கலப்பையை மாட்டச் சொல்லுங்கள். எண்ணெய் சூடாகும்வரை அரைமணி நேரம் ஓட்டுங்கள். அப்புறம் தூக்கி நிறுத்திப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது கலப்பை அசையாமல் நின்றால் நல்லது. சற்று இறங்கி, வெடுக்கென்று ஏறி, மறுபடி இறங்கினால் உள்ளே ரிங்கோ வால்வோ கசிகிறது. எண்ணெய் ஆறியிருக்கும்போது இது தெரியாது, சூடேறி இளகிய பிறகுதான் தெரியும். இன்ஜினை அணைத்ததும் கலப்பை மளமளவென்று தரைக்கு வந்தாலும் அதே கதைதான்.

மாஸியில் இரண்டு லீவர் இருப்பது ஏன் என்று பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று கலப்பையை இந்த உயரத்தில் நிறுத்து என்று சொல்வது. இன்னொன்று மண்ணின் இழுவையைப் பார்த்துத் தானே ஏற்றி இறக்குவது. கலப்பை கெட்டி மண்ணில் மாட்டும்போது, அதை மேல்பக்கம் வண்டியோடு இணைக்கும் டாப் லிங்க் முன்னோக்கி அழுத்தும். அந்த அழுத்தத்தை ஒரு ஸ்பிரிங் உணர்ந்து கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். பாரம் பின்சக்கரத்துக்கு மாறும், சக்கரம் வழுக்காது. அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் கண்டுபிடித்த ஏற்பாடு இது. லேசான வண்டி கனமான கலப்பையை இழுப்பதன் ரகசியமே இதுதான். இந்த லீவரைத் தொடாமல், இரும்பு எடையை வண்டியில் ஏற்றி உழுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். நல்ல வசதியைக் கையில் வைத்துக்கொண்டு டயரைத் தேய்க்கிறார்கள்.

டீசல் தீர்ந்து நின்றால் மறுபடி ஊற்றியும் கிளம்பவில்லை. என்ன செய்வது?

குழாயில் காற்று புகுந்திருக்கும். "ஏர் எடுக்க" வேண்டும். டீசல் ஃபில்டர் மேலே உள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, கை பம்ப்பை அடியுங்கள். முதலில் நுரையாக வரும், பிறகு குமிழ் குமிழாக, கடைசியில் கண்ணாடி மாதிரி டீசல் மட்டும் வழியும். அப்போது இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்ப்பில் உள்ள திருகுகள், அப்புறம் டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடியுங்கள். அழுத்தத்தோடு டீசல் பீறிடும் இடத்தில் கையை வைக்காதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நடந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

ஒரு சின்ன விஷயம்: பழைய மாஸியில் பல இடங்களில் இன்ச் அளவு நட்டுகள். எம்எம் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் தலை உருண்டுவிடும். இன்ச் ஸ்பேனர் செட் ஒன்று வண்டியோடு இருக்கட்டும்.

ஸ்டியரிங் கனமாக இருக்குமா?

இருக்கும். பவர் ஸ்டியரிங் கிடையாது. சொந்தமாக வண்டி ஓட்டி வெள்ளாமை செய்யும் ஒரு அக்கா, ஸ்டியரிங்கைவிடக் கிளட்ச்தான் தன்னைக் களைக்க வைத்தது, சாயங்காலம் முழங்கால் பேசும் என்றார். அவர் பழையதை விற்றுப் பவர் ஸ்டியரிங் வண்டி எடுத்துவிட்டார். அவர் செய்ததே சரி. உடம்புக்கு மேல் வண்டி இல்லை. பழைய வண்டி ஓட்டுபவர்கள் கட்டை விரலை ஸ்டியரிங்கின் உள்பக்கம் கோக்காதீர்கள். முன்சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் சடாரென்று சுழன்று விரலை உடைக்கும்.

டீசல் அதிகமாகக் குடிக்குமா?

நல்ல நிலையில் உள்ள பழைய வண்டி அப்படி ஒன்றும் குடிக்காது. டேங்கை வாய்வரை நிரப்பி, ஒரு ஏக்கர் உழுது, மறுபடி நிரப்பிப் பாருங்கள். கணக்கு கையில் வந்துவிடும். திடீரென்று கூடினால் நாசிலையும் ஏர் கிளீனரையும் பாருங்கள். இந்த வண்டிகளில் எண்ணெய்க் கிண்ணம் வைத்த ஏர் கிளீனர். கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் களிமண் மாதிரி குழைந்து கிடக்கும். புழுதிக் காலத்தில் அந்த மண் முழுவதும் இன்ஜினுக்குள் போகாமல் நின்ற மண்.

பாதுகாப்பு எப்படி?

பழைய வண்டிகளில் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டம் இல்லை. அதனால் இரண்டு விஷயம். எதை இழுத்தாலும் கீழே உள்ள இழுவைப் பட்டையில் மாட்டித்தான் இழுக்க வேண்டும். டாப் லிங்க் இடத்தில் சங்கிலி கட்டி மரம் இழுத்தால் முன்பக்கம் எழுந்து பின்னால் மல்லாந்துவிடும். குதிக்க நேரம் இருக்காது. சேற்றில் மாட்டினால் பின்சக்கரத்தில் கட்டை கட்டி முன்னேறப் பார்ப்பதும் அதே ஆபத்துதான். சக்கரம் சுழல முடியாதபோது வண்டியே சுழலும். பின்னோக்கி எடுங்கள், முடியாவிட்டால் வேறு வண்டியை வைத்து இழுங்கள்.

பிடிஓ தண்டுக்கு மூடி இல்லையென்றால் வேட்டி, துண்டு, சேலையோடு பக்கத்தில் போகாதீர்கள்.

வாங்கப் போகும்போது முதலில் என்ன பார்க்க வேண்டும்?

இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே கிளப்பிச் சரிபார்த்திருக்கிறார்கள். "மத்தியானம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே போய்விடுங்கள். கிளம்பியதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை புசுபுசுவென்று வெளியே தள்ளக் கூடாது. தள்ளினால் மெக்கானிக்குகள் "பேக் கம்ப்ரஷன் அடிக்குது" என்பார்கள். லைனர், பிஸ்டன், ரிங் செலவு காத்திருக்கிறது. நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

புதுப் பெயின்ட் அடித்த வண்டியைவிடப் பெயின்ட் போன வண்டியே எனக்குப் பிடிக்கும். கசிவு எங்கே, வெல்டிங் எங்கே என்று தெரியும். மணிக்கணக்கு மீட்டரை நம்ப வேண்டாம். பெடல் தேய்மானம் அதைவிட உண்மை சொல்லும்.

காகிதங்கள்?

ஆர்சி என்னும் பதிவுச் சான்றில் உள்ள இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டும் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போக வேண்டும். கடன் கொடுத்த வங்கியின் பெயர் ஆர்சியிலிருந்து நீக்கப்பட்டிருக்க வேண்டும். பதிவு 15 வருடம், அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் ஏற்றாதீர்கள்.

யார் வாங்கக் கூடாது?

வாடகை உழவையே வருமானமாக நம்பியவர், நாள் முழுக்க ரொட்டவேட்டர் ஓட்டுபவர், முதுகு வலி உள்ளவர், பக்கத்தில் நம்பகமான மெக்கானிக் இல்லாதவர். சொந்தக் காடு, மிதமான வேலை, கையில் ஸ்பேனர் பிடிக்கும் ஆர்வம் உள்ளவர் தாராளமாக வாங்கலாம்.

பருவம் இல்லாத மாதங்களில் சும்மா நிறுத்தலாமா?

வாரம் ஒருமுறை கிளப்பி, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிடுங்கள். டேங்கை நிரப்பி வையுங்கள், காலியாக விட்டால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேரும். சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள், மழைத் தண்ணீர் இறங்காது. கிளப்புவதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.